ஏற்காட்டில் இரண்டு பகல்

டாக்டரம்மாவுக்கு என்ன, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் நார்மல். வேலை வேலைன்னு ஓடாம, ரெண்டு நாள் குளுகுளுன்னு எங்கயாச்சும் மலைப் பக்கம் போயிட்டு வாங்க. ஒண்ணா இருங்க. தன்னால நிக்கும்."

ஒண்ணா இருக்கணுமாம். இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் லீவு போட்டு கிருஷ்ணகிரி வரைக்கும் போய், பெஞ்சு தேய உட்கார்ந்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, அவரை ஒரு டப்பாவோடு பாத்ரூமுக்கு அனுப்பி, மானம் மரியாதை எல்லாம் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்பேன். இவரோ "சரிங்க மேடம்" என்று தலையை ஆட்டினார். வெளியே வந்து நான் மாத்திரை வாங்கித் திரும்புவதற்குள் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இவர் என்றால் தினேஷ்குமார், என் வீட்டுக்காரர். ஓசூரில் அலுமினியத்தை உருக்கி வண்டி பாகம் வார்க்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர். கல்யாணம் ஆன நாளிலிருந்து நைட் ஷிஃப்ட். என் பேர் யுவஸ்ரீ. செல்ஃபோன் பாகம் பூட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். எனக்குப் பகல் ஷிஃப்ட், அதற்கு மேல் தினமும் ஓ.டி. நான் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறும்போது அவர் அங்கே உலைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். அவர் வீட்டுக்கு வரும்போது நான் லைனில் இருப்பேன். சாயங்காலம் நான் பாகலூர் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். சில நாள் எதிரெதிரே பார்த்துக்கொள்வோம். அவர் ஹாரன் அடிப்பார். நான் கையைத் தூக்குவேன். பார்க்கிறவர்கள் யாரோ தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

லீவு நாளாவது சேர்ந்து வருமா என்றால் அதுவும் கிடையாது. எனக்கு ஞாயிறு, அவருக்கு புதன். ஞாயிற்றுக்கிழமை அவர் ராத்திரி வேலை முடித்து வந்து நாள் முழுக்கத் தூங்குவார். புதன்கிழமை நான் கால் கடுத்துப்போய் வந்து, சோற்றைத் தின்றதும் தின்னாததுமாக விழுந்துவிடுவேன். அவர் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் பிள்ளை எங்கிருந்து வரும்? பார்சலில் வருமா?

ஆனால் இதை என் மாமியாருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா. முனிலட்சுமி என்று பேர், ஊத்தங்கரைப் பக்கம் ஊர். வாரத்துக்கு ஒரு தரம் ஃபோன் வந்துவிடும். "இன்னாடி, எதாவது உண்டா?" என்பார். "இல்லிங்க அத்த" என்பேன். "ஊர்ல எல்லாம் கேட்டுக்கினு இருக்காங்கடி. நான் இன்னான்னு பதில் சொல்றது?" என்பார். கெட்டவர் இல்லை. ஆனால் ஃபோனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது. நாலு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். எனக்கும் பிள்ளை வேண்டாமா? எனக்கு மாமியாரைவிட அதிகமாகவே வேண்டும். லைனில் பக்கத்தில் நிற்கும் நிகத் தன் மகளின் கொலுசை ரிப்பேருக்குக் கொடுக்க பையில் போட்டு வைத்திருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதற்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நிகத்திடம்தான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "போயேண்டி. எங்க ஆமிரு பையத் தர்றேன்" என்றாள். ஆமிர் அவள் தம்பி, மலை ஏறுகிற பைத்தியம். முதுகில் மாட்டுகிற பெரிய பை ஒன்று வைத்திருக்கிறான், அதற்கு இடுப்பில் வேறு ஒரு பெல்ட். பையைக் கொடுக்கும்போது அவனே வந்து புத்தி சொன்னான்: "அக்கா, லாட்ஜ்ல அடைஞ்சு கெடக்காதீங்க. ஏற்காடு போங்க. பைய மாட்டிக்கினு காப்பித் தோட்டத்துக்குள்ள நடங்க. நடந்தா மனசு லேசாவும். ரெண்டு பேரும் பேசிக்கினே நடங்க."

மாமியாரிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. "போங்க, போங்க. அங்க மலை மேல சேர்வராயன் இருக்காரு. குகைக்குள்ள போயி மனசார வேண்டிக்கினு வாங்க. சொந்தபந்தம் யாருக்கும் சொல்லாத, கண்ணு பட்டுடும்" என்றார். ஆக, இந்த ரெண்டு நாளைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். நான் ரொம்பவே நம்பினேன். புதிதாக ஒரு நைட்டி வாங்கினேன், ஊதாப்பூ போட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை வாங்கியது எனக்காக இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். அவர் ஷிஃப்ட் முடித்து நேராக ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார், கையில் கிரீஸ் வாசனையோடு. ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். நான் பேசுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன். லைன் லீடர் மாதேஸ்வரி செய்கிற அட்டகாசம், பக்கத்து வீட்டில் தண்ணீருக்கு நடந்த சண்டை, எங்கள் கம்பெனி கேன்டீனில் உப்புமா என்ற பேரில் போடுகிற களி. சூளகிரி வருமுன் முதல் கதையை ஆரம்பித்தேன். "ம்" என்றார். அடுத்த "ம்" வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

பாவம், ராத்திரியெல்லாம் நின்ற மனுஷன் என்று விட்டுவிட்டேன். குந்தாரப்பள்ளியில் சந்தைக்கு மாடு ஏற்றி வந்த வண்டிகளால் பஸ் நகரவே இல்லை. தொப்பூர் கணவாயில் எதிர்ப்பக்கம் லாரிகள் முக்கி முக்கி ஏறின. எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்த்தேன். சேலத்தில் எழுப்பினேன். ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்ததும் மறுபடி தூங்கினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் தலை கம்பியில் இடிக்காமல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டே போனேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் அறை. சொந்தக்காரர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். கதவைத் திறந்தால் காப்பிச் செடி, அதற்கு மேலே உயரமாக சில்வர் ஓக் மரங்கள், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. குளிரென்றால் அப்படி ஒரு குளிர். மூக்கு நுனி ஜில்லென்று இருந்தது. ஓசூரும் ஒரு காலத்தில் இப்படிக் குளிருமாம், இப்போது எங்கள் தகர ஷீட் வீட்டில் வந்து படுத்துப் பார்த்தால் தெரியும். எனக்கு ஒரே குஷி. "ஏங்க, வாயில இருந்து புகை வருது பாருங்க" என்று ஊதிக் காட்டினேன். அவரும் ஊதினார். ரெண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

"கரண்ட்டு நிக்காம வருமா இங்க?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன்.

"ம்" என்றார்.

அந்தி சாய்ந்ததும் வந்தது வினை. புது நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தேன். கம்பளி இதமாக இருந்தது. அவர் குளித்துவிட்டு வரட்டும், ஒரு நிமிஷம் சாய்ந்துகொள்வோம் என்று சாய்ந்தேன். கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம், ஏதோ குருவி கத்துகிறது. விடியுமுன் எழுந்து எழுந்து பழகிய உடம்பு, விளக்கு வைத்தால் செத்த பிணம். அவர் கட்டிலில் இல்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தாராம். கண் பளிச்சென்று இருந்தது.

"எழுப்பக் கூடாதா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அசந்து தூங்கின யுவா. மனசு வரல" என்றார்.

சரி, பகல் இருக்கிறதே என்றேன். ஆமிர் சொன்னபடி பையில் தண்ணீர், பிஸ்கட், ரெண்டு ஆரஞ்சு போட்டு, தோட்டத்துப் பாதையில் நடந்தோம். பையை அவர்தான் மாட்டிக்கொண்டார். மேடும் பள்ளமுமாக நல்ல பாதை. காப்பிக் காய் பச்சையாகக் கொத்துக் கொத்தாக இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். அவர் பார்த்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் அவராக ஒரு வார்த்தை? ஊகூம். எனக்குத் தெரிந்த தினேஷ் இது இல்லை. ஃபோனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற தினேஷ் வேறு ஆள். ராத்திரி டீ நேரத்தில் அனுப்புவார், காலையில் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். சூப்பர்வைசர் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவார், என்னைக் கிண்டல் பண்ணுவார், "என் செல்லம் சாப்டுச்சா" என்பார். பஸ்ஸில் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து நிகத் என் தொடையில் கிள்ளுவாள். அந்த ஆளைத்தான் நான் மலைக்குக் கூட்டி வந்தேன் என்று நினைத்திருந்தேன்.

வெயில் ஏற ஏற இவர் கால் பின்னியது. ஒரு பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை அவர் கையில் வைத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடி பெங்களூரிலிருந்து வந்தவர்கள் போல, எங்களை மாதிரியே பை மாட்டிக்கொண்டு, கன்னடத்தில் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். அவன் பையை ஏன் சரியாகக் கட்டவில்லை என்று அவள் திட்டினாள். அவன் பதிலுக்குத் திட்டினான். எனக்குப் பொறாமையாக இருந்தது, சத்தியமாக.

அன்று சாயங்காலம் தூங்கக் கூடாது என்று கணக்குப்பிள்ளை வீட்டம்மாவிடம் கேட்டு ரெண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்தேன். முகத்தில் பச்சைத் தண்ணீரை அடித்துக்கொண்டேன். அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். உள்ளங்கை முழுக்கச் சூடு பட்ட தழும்பு. அந்தக் கை என் கைக்குள் அசையாமல், முதல் நாள் பெண் பார்க்க வந்தவன் கை மாதிரி, விறைப்பாக இருந்தது. "டயர்டா இருப்ப, படு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்பிப் படுத்தேன். கோபத்தில் தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன், அந்தப் பாழாய்ப்போன தூக்கம் அன்றைக்கும் வந்தது. முழிப்பு வந்தபோது அவர் மறுபடி அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறையைக் காலி பண்ணிவிட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். ஒரே கூட்டம். மிளகாய் பஜ்ஜி கடைப் பக்கம் போகும்போது, "டேய் தினேசு!" என்று ஒரு குரல். திரும்பினால் ஒருத்தர் தோளில் ஒரு பெண் குழந்தையோடு, கையில் இன்னொரு பையனைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கூட அவர் மனைவி. சிவராஜ் என்று பேர், இவர் கம்பெனியில் வேலை செய்கிறவர். மனைவி மேகலா. இவர் முகம் அவர்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனது. நான் குளிர் என்று நினைத்தேன்.

சிவராஜ் என்னைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். "தங்கச்சி, உங்கள நேர்ல பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு எத்தினி நாளா நெனச்சுக்கினு இருந்தேன் தெரியுமா?"

"எதுக்குண்ணா?"

"எதுக்கா? நல்லா கேட்டீங்க. போன வருசம் ஆயுத பூஜ முடிஞ்சதும் ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள் கேட்டாங்க இல்ல? காலைல போயி சாயங்காலம் வர்ற வேல. ஞாயித்துக்கெழம லீவு. வரிசைல மொத பேரு இவன்தான். உங்களுக்கு நைட்டுதான் தோதா இருக்குதுன்னு நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்களாமே. அந்த எடம் எனக்கு வந்துது."

மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ இருக்கா பாருங்க, இந்தச் சின்னது. அவங்கப்பாவப் பாத்தாலே வீல்னு கத்துவா. யாரோ திருடன்னு நெனச்சுக்குவா. இப்ப அவரு மேல ஏறிப் படுத்தாத்தான் தூக்கமே வருது. எல்லாம் உங்க புண்ணியம் தங்கச்சி. உங்க வயித்துலயும் சீக்கிரம் ஒண்ணு தங்கணும். நான் தெனமும் சாமிகிட்ட கேக்கறேன்."

அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. முன்னால் நாலு பல். நான் அதன் காலைத் தொட்டேன். "ஆமாங்கா, எனக்கு நைட்டுதான் தோது" என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா? சிவராஜ் வற்புறுத்தி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அதன் காரம் எனக்கு உறைக்கவே இல்லை.

அவர்கள் படகுக்கு டிக்கெட் எடுக்கப் போனதும் நான் நடக்க ஆரம்பித்தேன். சேர்வராயன் கோயில் பாதை. மாமியாருக்குச் சொன்னது சொன்னதுதானே. இவர் பின்னாலேயே வந்தார். வீடுகள் எல்லாம் முடிந்து, ரெண்டு பக்கமும் மரம் மட்டும் இருக்கிற இடம் வந்ததும் நின்றேன்.

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?"

பையின் வாரை இழுத்து இழுத்து விட்டார். "இல்ல யுவா... நைட் அலவன்சு போயிடும்னுதான்..."

"பொய் சொல்லாத." கல்யாணமாகி முதல் தடவையாக வாயில் 'நீ' வந்துவிட்டது. வரட்டும் என்று விட்டேன். "யாராச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லிடு. இங்கயே சொல்லிடு."

நிஜமாகவே திகைத்துப்போய்ப் பார்த்தார். "நைட்டு ஷிஃப்ட்ல யாரு யுவா இருக்கா? உலையும் நானும்தான் இருக்கோம்."

நான் நம்பினேன். அதுதான் என் தலையெழுத்து. இன்னொருத்தி இருந்திருந்தால் போய் அவள் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன், தெருவைக் கூட்டியிருப்பேன், எங்கள் அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருப்பேன். யாருமே இல்லையென்றால் நான் யாரோடு போய்ச் சண்டை போட?

"அப்புறம் ஏன்? எனக்கு ஏன்னு தெரியணும்."

ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த மரத்தைப் பார்த்துப் பேசினார். அந்த ரெண்டு நாளில் அவராக வாயைத் திறந்து பேசியது அப்போதுதான்.

"மொத வருசம் ரொம்ப ஏங்கினேன் யுவா. நீ இல்லாத வீட்டுக்கு வரவே புடிக்காது. சூப்பர்வைசர் கால்ல விழாத கொறையா கேட்டேன், பகலுக்கு மாத்துங்கன்னு. தரல. அடுத்த வருசமும் கேட்டேன். தரல. அப்புறம் பழகிப்போச்சு. நல்லா பழகினப்புறம் கூப்ட்டுக் குடுக்கறாங்க."

"குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே?"

"காலைல வந்து கதவத் தொறந்தா உன் துணி கொடியில கெடக்கும். நீ வச்சிட்டுப் போன கொழம்பு இருக்கும். உன் தலகாணில எண்ண வாசன இருக்கும். அதுல படுத்தா தூக்கம் வருது. அதுவே போதும்னு இருக்குது. நீ எதிர்ல உக்காந்தா எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. நேத்துல இருந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. ஃபோன்ல வருது. உன் மூஞ்சியப் பாத்தா வர மாட்டேங்குது. தொடறதுக்கே கூச்சமா இருக்குது. யாரோ வீட்டுப் பொண்ணத் தொடற மாதிரி இருக்குது."

"குழந்த வேணாமா உனக்கு?"

"பயமா இருக்குது" என்றார். "அது வந்தா அதுவும் என்னயே பாத்துக்கினு இருக்கும்ல."

அடித்திருக்கலாம் போலிருந்தது, அணைத்துக்கொண்டு அழுதிருக்கலாம் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யவில்லை. ரெண்டு கார் போயின, ஹாரன் அடித்தார்கள். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"சரிங்க. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு போயி சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க. பகலுக்கு மாத்துங்கன்னு மறுபடி கேளுங்க. எத்தினி நாளானாலும் பரவால்ல. பழகிக்கலாம். நைட்டு பழகின ஆளுக்குப் பகல் பழகாதா? எனக்காகக் கேளுங்க. கேப்பீங்களா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேக்கறேன்" என்றார்.

சொன்னார்தான். ஆனால் அந்த முகம். ஷிஃப்ட் முடிந்து கையைக் கழுவப் போகிற நேரத்தில், "இன்னும் நாலு மணி நேரம் நில்லு, ஆள் வரல" என்று லைன் லீடர் வந்து சொல்வாளே, அப்போது பெண்களுக்கெல்லாம் ஒரு முகம் வரும். மறுத்துப் பேச முடியாது, உடம்பு தாங்காது, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போய் நிற்கிற முகம். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தை நான் என் வீட்டுக்குள், என் பாயில், தினமும் பார்க்க வேண்டுமா? அந்த முகத்தோடு வந்து இவர் என் பக்கத்தில் படுத்து, அதில் எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டுமா?

"வேணாம்" என்றேன். "விடுங்க. கேக்க வேணாம்."

"நெஜமாவா?"

"ம்."

அடுத்து நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர் மூச்சு விட்டார் பாருங்கள், தலையிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி. முகம் தெளிந்துவிட்டது. கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது. "டீ குடிக்கிறியா யுவா? குளிருது பாரு உனக்கு" என்றார். ஒரு தள்ளுவண்டியில் வாங்கி, ஆற்றி, என் கையில் கொடுத்தார். பிறகு பேச ஆரம்பித்தார், பேசினார், கோயில் வரைக்கும் பேசினார். இந்த மரத்தில் கதவு செய்வார்களாம். உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இந்தக் குளிர் சொர்க்கமாம். பாலாஜி என்று ஒருத்தன் நைட் ஷிஃப்ட்டில் நின்றுகொண்டே தூங்குவானாம், செய்து காட்டினார். வாய்ஸ் மெசேஜில் வருகிற அதே தினேஷ். எத்தனை அழகாகப் பேசுகிற மனுஷன். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, சிரிப்பு வந்தது. டீ கையிலேயே ஆறிப்போனது.

கோயில் குகைக்குள் குனிந்து போக வேண்டும். உள்ளே ஈரம், இருட்டு, எண்ணெய் விளக்கு. பூசாரி பேர், நட்சத்திரம் கேட்டார். என் நட்சத்திரத்தை இவரே முந்திக்கொண்டு சொன்னார், ராசியையும் சேர்த்து. மாமியார் சொல்லி அனுப்பியது ஞாபகம் இருந்தது. கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இவருக்கு என் மேல் அன்பில்லை என்றால் அன்பைக் கொடு என்று கேட்கலாம். அது இருக்கிறது. உடம்பில் குறை என்றால் தீர்த்து வை என்று கேட்கலாம். அதுவும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் "நகருங்கம்மா" என்றார்கள். ஒன்றும் கேட்காமலே வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானப் பஸ்ஸில் மலையிறங்கினோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் சொருகியது. இந்த முறை கம்பிப் பக்கம் சாயவில்லை, என் பக்கம் சாய்ந்தார். தலை என் தோளில் வந்து விழுந்தது. கை தானாக என் மடிமேல் வந்து கிடந்தது, விறைப்பெல்லாம் இல்லாமல், நன்றாகத் தளர்ந்து. முழித்திருந்தால் எடுத்திருப்பார். எனக்குத் தோள் வலித்தது. நகரவில்லை. நாளைக்கு விடியுமுன் பஸ் ஏறுவேன், அவர் உலை முன்னால் நிற்பார். நாளைக்கு என்ன, இனி எப்போதுமே.

பாதி மலையில் மாமியார் ஃபோன்.

"இன்னாடி, கோயிலுக்குப் போனீங்களா? வேண்டிக்கினீங்களா?"

"போனோங்க அத்த."

"ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தீங்களா? அவன் இன்னா பண்றான்? அவன்கிட்ட குடு."

"மெதுவா பேசுங்க அத்த. அவரு தூங்கறாரு."

மாமியார் சிரித்தார். நாலு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வெட்கமும் சந்தோஷமுமாக, சின்னப் பெண் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதடி எம்புள்ளய. ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு இருந்திருப்பான்."

"ஆமாங்க அத்த" என்றேன். "ரெண்டு ராத்திரியும் முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு."